துரையின் வயிற்றில் வளர்ந்தது

எங்கள் நாய்க்குத் துரை என்று பெயர் வைத்தது யார் என்பதை எஸ்டேட்டில் ஒருவரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. காலை வேளையில் அது தேயிலை நிரைகளுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். அங்கங்கே நின்று செடியை மோந்து பார்க்கும். கொழுந்து வெட்டுகிறவர்களைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, திருப்தியில்லாததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போகும். மேனேஜரை இன்றைக்கும் துரை என்றே சொல்லிப் பழகிய இடத்தில் அதற்கு வேறு பெயர் நிலைத்திருக்காது. ஒரே சங்கடம், அதைச் சத்தம் போட்டுத் திட்ட முடியாது. ஒருமுறை அம்மா கொல்லைப் பக்கம் நின்று, "ஏ துரை, அந்தச் சோத்துல வாய வச்சே, கால ஒடச்சிருவேன்" என்று கத்தியபோது மேனேஜரின் ஜீப்பு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜீப்பு சற்று மெதுவானது, பிறகு போய்விட்டது. அன்று முழுவதும் அம்மா வெளியே தலைகாட்டவில்லை.

துரையோடு இன்னொரு நாயும் இருந்தது. அதன் நிறத்துக்காக அதற்குக் கோப்பி என்று பெயர். குட்டி வயது, திருட்டுக் குணம். துரை எதைச் செய்கிறதோ அதையே ஒரு கணம் தாமதமாகச் செய்யும்.

எங்கள் எஸ்டேட் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. மாடுகள் போய் வெகுகாலம் ஆகி, அதில் விறகும் உடைந்த சைக்கிளும் கிடந்தன. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவின் அக்கா மூவாரிலிருந்து ஒரு லோரி நிறைய மெஷின்களோடு வந்து இறங்கினார். அங்கே நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் இளம் வயதிலிருந்து வேலை பார்த்தவர். இனி ஒருவரிடமும் கைகட்டி வேலை செய்யப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். கொட்டகையைக் கழுவி, கூரையில் புதுத் தகரம் போட்டு, மேசை ரம்பத்தையும் இழைக்கும் மெஷினையும் உள்ளே நிறுத்தினார். ஸ்ட்ராபெரி விற்கிறவர்களுக்கு அடுக்குத் தட்டு, பூந்தோட்டக்காரர்களுக்குத் தொட்டி வைக்கும் பெஞ்சு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குச் சாமி மாடம் என்று வேலை வந்துகொண்டே இருந்தது.

அத்தை வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குக் கோயிலில் திரை விலகக் காத்திருப்பதுபோல் இருக்கும். முதலில் வெளியே வருவார். இரண்டு நாய்களும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பார். உள்ளங்கையை உயர்த்துவார், அவ்வளவுதான். துரை போய்த் தண்ணீர்த் தொட்டியருகே படுத்துக்கொள்ளும். ஒரு கணம் கழித்துக் கோப்பியும் படுக்கும். பிறகு அத்தை இடுப்பளவு உயரமுள்ள கதவைச் சாத்திக் கொக்கி போட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, சுவிட்சைத் தட்டுவார். ரம்பம் ஒருமுறை இருமிவிட்டு அலறத் தொடங்கும். பனிமூட்டம் கொட்டகைக்குள் புகுந்து நிற்கும் நாட்களில் மரத்தூளும் பனியும் கலந்து, வெள்ளையாகிப் போன அந்தக் காற்றுக்கு நடுவே அத்தையின் இரண்டு கைகள் மட்டும் தெரியும். கருத்த, அழுக்கான பலகை அந்தக் கைகளுக்குள் போய், உள்ளே ஒளித்து வைத்திருந்ததுபோல் சிவந்த மரமாக வெளியே வரும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை முடிந்த பிறகு நடப்பதுதான் அப்பாவுக்குப் பிடிக்காதது. அத்தை தரையை ஒரு சீவல் விடாமல் கூட்டி, கோணிப் பையில் அள்ளுவார். நாய் அதில் படுத்து முகர்ந்தால் மூச்சு அடைக்கும் என்பார். கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரையெங்கும் இழுத்து விழுந்த ஆணிகளைப் பொறுக்குவார். எண்ணெய் துடைத்த துணிகளைத் தண்ணீர் டின்னில் போட்டு மூடுவார். பசை, வார்னிஷ் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய் மேல் தட்டில் ஏறிவிடும். பிறகுதான் கதவைத் திறப்பார். அப்போதும் துரை வாசலில் நின்று எட்டிப் பார்க்குமே தவிர உள்ளே கால் வைக்காது.

"நாய்க்கு இருக்கிற மரியாத இந்த வீட்ல எவனுக்கு இருக்கு?" என்பார் அப்பா. அதையும் அத்தையிடம் சொல்ல மாட்டார். துரையிடம்தான் சொல்வார்.

அப்பாவும் அத்தையும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. தாத்தா இறந்தபோது அத்தை மூவாரிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கமெல்லாம் முடிந்துவிட்டது என்று அம்மா ஒருமுறை சொன்னார். அதற்கும் பேசாமலிருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்ததில்லை. சில வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டார்கள், எங்கள் வீட்டில் இப்படி என்று எண்ணிக்கொண்டேன். சொல்ல வேண்டியதைத் துரையிடம் சொல்லிவிடுவார்கள்.

"துரை, மெஷின் சத்தத்துல ரேடியோ ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு."

"துரை, ரேடியோவ கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுலா."

துரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொறுமையாகத் தலையைத் திருப்பும். நடுவர் வேலை அதற்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பிஸ்கட் டின்னில் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பசை. எங்கள் மலையில் ஈரம் எதையும் விட்டுவைக்காது. சாதாரண வெள்ளைப் பசையில் ஒட்டிய பெட்டி மழைக்காலம் முடிவதற்குள் வாயைப் பிளந்துவிடும். அதனால் அத்தை ஈப்போவிலிருந்து இதை வரவழைத்தார். கம் என்பார் அதை. பார்க்கத் தேன்போல் இருக்கும். ஒரு நாள் ஈரத் துணியால் துடைத்த பலகையின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, "பாத்துக்கிட்டே இரு" என்றார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அது மூச்சு இழுப்பதுபோல் உப்பியது. நுரைத்து, எழும்பி, ஓரத்தைத் தாண்டி வழிந்து, ஒரு சொட்டு இருந்த இடத்தில் என் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாகி நின்றது. மறுநாள் தொட்டுப் பார்த்தேன். கட்டையாக இருந்தது.

"தண்ணி பட்டா வளரும்" என்றார் அத்தை. "வளந்து முடிஞ்சா கல்லு மாதிரி."

உயிரில்லாத ஒன்று வளர்கிறது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சுவர்த் தட்டு மாட்டிக் கொடுக்க அத்தை போயிருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிற அப்பா வேலை முடிந்து வந்து, தன் பூட்சைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பாகம் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கொட்டகைக்குப் போய், முக்காலிமேல் ஏறி, மேல் தட்டிலிருந்த டின்னைத் திறந்து அந்தப் பசையை எடுத்து வந்தார். கேட்க வேண்டுமானால் அத்தையிடம் கேட்டிருக்க வேண்டும். சொல்லி அனுப்பத் துரையும் அங்கே இல்லை, அத்தை வரும் பாதையில் போய்க் காத்திருந்தது. அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்சை ஒட்டி, அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. நானும் அப்பாவும் உள்ளே ஓடினோம். பசைப் போத்தல் படியிலேயே இருந்துவிட்டது.

கொட்டகையின் வாசலைத் துரை ஒருநாளும் தாண்டியதில்லை. ஆனால் பின்வாசல் படி அதன் சொந்த இடம்.

மறுநாள் காலை அது மேற்பார்வைக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே கழுத்தை நீட்டி நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது. உடம்பு முழுவதும் குலுங்க வாந்தி எடுக்கப் பார்த்தது, ஒன்றும் வரவில்லை. கோப்பி அதைப் பார்த்துத் தானும் கழுத்தை நீட்டி நின்றது. துரையின் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

அம்மா, "ஐயோ, எதையோ முழுங்கிருச்சு" என்று கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். துரை ஆவலோடு முகத்தைத் திருப்பியது. அதற்குள் அத்தை வந்து கிண்ணத்தைப் பிடுங்கித் தண்ணீரைக் கீழே கொட்டினார். அத்தை ஒன்றைப் பிடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணி குடுக்காதம்மா. ஒரு சொட்டுகூட குடுக்காத."

அவர் கையில் சப்பிப்போன பசைப் போத்தல் இருந்தது. மூடி இல்லை. பல் பட்ட இடமெல்லாம் ஓட்டை.

அப்பா பின்வாசலுக்கு வந்தார். போத்தலைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். படியில் அம்மிக்கல்லும் அதன் அடியில் பூட்சும் அப்படியே இருந்தன. பூட்சின் ஓரமெங்கும் பசை நுரைத்துக் காய்ந்து மஞ்சளாகப் புடைத்து நின்றது. அத்தையும் அதைப் பார்த்தார். இப்போது ஏதோ பெரியதாக நடக்கப்போகிறது என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை போத்தலைக் கீழே வைத்தார். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"காடிய எடு" என்றார்.

அப்பா செருப்புக் காலோடு காரை எடுக்க ஓடினார்.

வயிற்றை அறுத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி ஈப்போவில்தான் என்று அத்தை போனில் விசாரித்துச் சொன்னார். பின்சீட்டில் துரையின் தலை அத்தை மடியில், பின்னங்கால்கள் என் மடியில். அடம்பிடித்து ஏறிக்கொண்ட என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. ரிங்லெட்டைத் தாண்டி, வளைவு வளைவாக மலை இறங்கினோம். சனிக்கிழமையாதலால் எதிரே சுற்றுலா பஸ்கள் வரிசையாக ஏறி வந்தன. ஒவ்வொரு வளைவிலும் அத்தை துரையின் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நானும் கை வைத்துப் பார்த்தேன். உரோமத்துக்கும் தோலுக்கும் அடியில் பலகைபோல் ஏதோ இருந்தது. அது இன்னும் வளர்கிறதா என்று விரலை அசைக்காமல் வைத்துக் கவனித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கையை எடுக்கவும் மனமில்லை.

அப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். வழக்கமாக யாரிடம் சொல்லிக் கேட்பாரோ அது பின்சீட்டில் கண் செருகிக் கிடந்தது. கடைசியில் கண்ணாடியைப் பார்த்தே கேட்டார்.

"எப்பிடி இருக்கு?"

"மூச்சு இருக்கு" என்றார் அத்தை. "நீ ரோட்டப் பாரு."

தாப்பாவில் கீழே இறங்கியதும் வெயில் ஜன்னல் வழியாக வந்து அடித்தது. மலையில் பிறந்த எனக்கு அந்தச் சூடு யாரோ அடுப்புக் கதவைத் திறந்ததுபோல் இருந்தது. அத்தை தன் சால்வையால் துரையின் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். துரையை உள்ளே தூக்கிப்போய்ப் படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். துரையின் விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாக, எங்கள் ஊர்ப் பசுமைக்குடில்களின் வளைவுச் சட்டங்கள்போல் ஒழுங்காக நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு பெரிய மேகம்.

இந்தப் பசை இனிக்கும், நாய்கள் விரும்பித் தின்னும், உள்ளே போனால் பொங்கிவிடும் என்று டாக்டர் மலாயில் சொன்னார். உடனே அறுத்தாக வேண்டும். பிறகு, இது எப்படி நாயின் வாய்க்குப் போனது என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார்.

"சாலா சாயா" என்றார் அத்தை. என் தப்பு என்று அர்த்தம். "மரவேலை செய்யிறது நான்தான். கவனிக்காம வெளிய வச்சிட்டேன்."

நான் திடுக்கிட்டுப் போனேன். அத்தை எதையும் வெளியே வைக்க மாட்டார் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அத்தையின் கை வந்து என் கையைப் பிடித்தது. உளி பிடித்துக் காய்த்துப்போன கை. வலிக்கவில்லை, ஆனால் விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா அத்தையைக் கண்டித்தார். வீட்டில் நாய் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட சாமான்களோடு வேலை செய்கிறவர்கள் பசையை உயரத்தில், மூடிய பெட்டியில் வைக்க வேண்டாமா? மரத்தூளைக் கூட்ட வேண்டாமா? மெஷின் ஓடும்போது நாயை உள்ளே விடாமல் தடுப்புப் போட வேண்டாமா? அத்தை ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல், "ஆமா டாக்டர், ஆமா டாக்டர்" என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அப்பா தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது சிவந்திருந்தது. வெயிலால் இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வெகுநேரம் காத்திருந்தோம். அப்பா வெளியே போய் வந்தார். மறுபடி வெளியே போனார். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி கூண்டில் பூனையோடு இருந்தார்; தன் பிஸ்கட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

கதவு திறந்தபோது டாக்டர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கையில் ஓர் எவர்சில்வர் தட்டு. "பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, தட்டை எங்கள் முன்னால் நீட்டினார்.

அதைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. தேன் நிறத்தில், ஒரு ரொட்டி அளவுக்கு, பிறை நிலாபோல் வளைந்து ஒன்று கிடந்தது. ஒரு முனை உருண்டு பருத்திருந்தது. மறுமுனை ஒடுங்கி, வெளியே போகும் வழி தேடி நின்றுவிட்டதுபோல் முடிந்திருந்தது. அதன் உடம்பெல்லாம் மெல்லிய சுருக்கங்கள், வரி வரியாக, ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் ஓடின. முந்தின இரவு தின்ற சோற்றுப் பருக்கைகள் அதற்குள் பதிந்திருந்தன. போத்தலின் சிவப்பு மூடியும் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

"வயிற்றுக்குள் எங்கெங்கே இடமிருந்ததோ அங்கெல்லாம் நிறைந்து, அதே வடிவத்தில் இறுகிவிட்டது" என்றார் டாக்டர். "இது அதன் வயிற்றின் அச்சு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துரையை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதன் காது, வால், இடது காலிலிருந்த வெள்ளைத் திட்டு, எல்லாம் தெரியும். ஆனால் அதற்குள்ளே இப்படி ஓர் அறை இருந்திருக்கிறது. சுவரெல்லாம் மடிப்பு மடிப்பாக, யாரோ உட்கார்ந்து செதுக்கியதுபோல். யாரும் பார்ப்பதற்காக இல்லாமல், இருட்டில். அப்படியானால் கோப்பிக்குள்ளும் ஒன்று இருக்கும். எனக்குள்ளும், அப்பாவுக்குள்ளும், கூண்டிலிருந்த பூனைக்குள்ளும். நான் என் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டேன்.

அத்தை டாக்டரிடம் கண்ணால் கேட்டுவிட்டு, ஒரு விரலை அந்தச் சுருக்கங்களின்மேல் மெதுவாக ஓட்டினார். இழைத்து முடித்த பலகையின்மேல் அப்படித்தான் ஓட்டுவார்.

"எவ்ளோ நுணுக்கமா இருக்கு, பாத்தியா" என்றார். என்னிடம் சொன்னாரா அப்பாவிடம் சொன்னாரா தெரியவில்லை. அப்பாதான், "ஆமாக்கா" என்றார்.

உள்ளே போய்த் துரையைப் பார்த்தோம். வயிறு முழுவதும் கட்டு. நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. கண் பாதி திறந்திருந்தும் அது எங்களைப் பார்க்கவில்லை. அப்பா குனிந்து அதன் காதருகே, "துரை" என்றார். வால் நுனி போர்வைக்கு வெளியே ஒரே ஒருமுறை அசைந்தது. அப்பா சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

துரையைச் சில நாள் அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்றார்கள். அது பிறகு நல்லபடியாக வீடு வந்தது; ஒரு வாரம் நோயாளியாக நடித்து எல்லாரிடமும் வேலை வாங்கிவிட்டு, மறுபடி தேயிலை நிரைகளுக்கு மேற்பார்வைக்குப் போனது; நான் இடைநிலைப்பள்ளி முடிக்கும்வரை உயிரோடிருந்தது. அது வீடு வருவதற்கு முன்பே அப்பா கொட்டகையின் மேல் தட்டுக்கு ஒரு கதவு செய்து பூட்டுப் போட்டார். கதவு கோணலாகத்தான் இருந்தது. அத்தை அதை நிமிர்த்தவேயில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மாலை திரும்பி வந்த கதை. தாப்பாவில் ஒரு கடையில் நிறுத்திச் சாப்பிட்டோம். அப்பா கை கழுவப் போன நேரம் பார்த்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததை அத்தையிடம் கேட்டேன்.

"ஏன் அத்த பொய் சொன்னீங்க? டாக்டர் உங்களப் போயி ஏசுனாங்க. அப்பாதான எடுத்தாரு? நான் பாத்தேன்."

"கம் யாருது?" என்றார் அத்தை.

"உங்களது."

"அப்ப பொய் எங்க இருந்து வந்துச்சு? ரொட்டியத் தின்னு, ஆறிப்போவுது."

கணக்குச் சரியாக இருப்பதுபோலவும் எங்கேயோ உதைப்பதுபோலவும் இருந்தது. ரொட்டியைத் தின்றேன். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். எங்கள் பேச்சு காதில் விழும் தூரத்தில்தான் அவர் நின்றிருந்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மலை ஏறும்போது அத்தை முன்சீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவைத் தவிர வேறு யாரும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்சீட்டு முழுவதும் எனக்கு. அதில் துரையின் உரோமமும் எச்சில் கறையும் இருந்தன. சற்று மேலே ஏறியதும் குளிர் ஜன்னலுக்குள் வந்தது. பனி இறங்கி, காட்டின் பெரணிகள் இரண்டு பக்கமும் மங்கலாக நின்றன. நான் இன்னும் அந்தத் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் இந்தத் தடவையும் நம்ப மாட்டார்கள்.

அப்போதுதான் அப்பாவின் தோள் ஆடுவதைக் கவனித்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். தோள் இரண்டும் நிறுத்தாமல் குலுங்கின. மழையில் ரோடு மோசமாகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் என் சீட்டு குலுங்கவில்லை. அத்தை அப்பா பக்கம் திரும்பவில்லை. எதிரே ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டி, அவர் தோளில் வைத்தார்.

"மெதுவா போ, தம்பி" என்றார்.

நான் எட்டி வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். எங்கள் காடி மிக மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது; பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் எப்படி மெதுவாகப் போக முடியும், அத்தைக்கு இது தெரியாதா என்று யோசித்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.